பார்த்துவிட்டு வரப் போனவள்

தேயிலைத் தோட்டத்திலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கும் வழியில் ஒரு சிங்களப் பெண் கீரை விற்கிறாள். என்னைக் கண்டதும் "என்ன, என்ன" என்பாள். வந்த புதிதில் எனக்குச் சுருக்கென்றிருந்தது. நான் என்ன செய்துவிட்டேனென்று இப்படி அதட்டுகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அவள் இன்னும் உரக்க "என்ன!" என்பாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஒன்றுமில்லை, போ!" என்று கத்திவிட்டேன். பாவம், கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே போட்டுவிட்டாள். அவர்கள் பாஷையில் 'என்ன' என்றால் 'வாருங்கள்' என்று அர்த்தமாம். அந்தக் கோபம் வீண். ஆனால் இந்த இலங்கையில் நான் பட்ட மற்றக் கோபங்களில் ஒன்றைக்கூட நான் திரும்ப எடுத்துக்கொள்வதாக இல்லை.

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து சில பெண்கள், "நாங்களும் வரலாமா, கொஞ்சநாள் இருந்து பார்க்கலாமா" என்று கேட்டனுப்பியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். நானும் அப்படிப் பார்க்க வந்தவள்தான். கன்னியாஸ்திரீகளின் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பழகியவள் நான். தோட்டத்து மருத்துவச்சி வேலை வந்தபோது, மூன்று மாதம் இருந்து பார்க்கிறேன், ஒத்துவந்தால் தொடர்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் சூசை தையல் வேலை செய்பவர். மெஷினுக்குத் துணி சுற்றி வைத்து, வீட்டைப் பூட்டி, சாவியைத் தம்பியிடம் கொடுத்தோம். எதையும் விற்கவில்லை. கோயில் வாசலில் எல்லாரும் சிரித்தார்கள். "பொண்ணு பாக்கப் போற மாதிரி மேரி நாடு பாக்கப் போறா" என்றார் என் மாமனார். ஏன், ஒரு தட்டு பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் பெண்ணை வேண்டாமென்று சொல்லிப் போகிறவர்கள் நம்மில் இல்லையா? நான் ஒரு நாட்டை வேண்டாமென்று சொல்லக்கூடாதா?

கப்பலேறும் முன் மூன்றாம் வகுப்புக்காரர்களை அடைத்து வைக்கும் முகாமில், நோய் ஒட்டியிருக்கும் என்று என் புடவைகளையெல்லாம் ஆவியில் வேகவைத்தார்கள். எதற்குப் போகிறாய் என்று கேட்ட சேவகனிடம், "பார்த்துவிட்டு வர" என்றேன். "பாத்துட்டு வர நீ என்ன துரைசாணியா?" என்று சொல்லிச் சிரித்தான். மேல்வகுப்பில் வந்தவர்கள் எங்களைத் தாண்டி, தொப்பியோடும் நாய்க்குட்டியோடும் நேரே கப்பலுக்கு நடந்தார்கள். அந்த நாயை யாரும் வேகவைக்கவில்லை.

தோட்டத்தில் துரைக்கு அதட்டும் அளவுக்குத் தமிழ் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழில் 'நீங்கள்' கிடையாது. நீ வா, நீ போ, நீ நில். பெற்ற பிள்ளையைக்கூட 'வாங்க சாமி' என்று கூப்பிடுகிற சீமையிலிருந்து வந்தவர்கள், காலையில் வரிசையாக நின்று அதைக் கேட்டுக்கொள்வார்கள். அவர்களில் ஒருத்தி காளியம்மாள். எடப்பாடிப் பக்கம், தலைச்சன் பிள்ளை, ஏழு மாதம். நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது, "ஏனுங்கம்மா, பெரசவத்துக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போகணுமுங்க. கேட்டுச் சொல்றீங்களா?" என்றாள். அவளையும் அவள் புருஷனையும் ஆள்கட்டி வந்த கங்காணி, "வந்து பாருங்க, ஒத்துவரலீன்னா நானே வண்டி ஏத்தி உட்டர்றேன்" என்றுதான் கூட்டிவந்தானாம். நான் சொல்லிவிட்டு வந்த அதே வார்த்தை. ஆனால் அவளுக்கு அது தூண்டிலில் கோத்த புழு.

அவளோடு ஆபீசுக்குப் போனேன். எங்களைத் துரை நேரில் விசாரிக்கவில்லை. பெரிய கிளார்க்கைக் கேட்டார். காளியம்மாள் கைகட்டி நின்று தாய்வீட்டைப் பற்றிச் சொன்னாள். கிளார்க்கு அதை இங்கிலீஷில், இவள் சோம்பேறி, வேலைக்குப் பயந்து ஓடப் பார்க்கிறாள் என்று சொன்னார். கன்னியாஸ்திரீகளிடம் திட்டு வாங்கிய அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் புரியும். காது சுட்டது.

"நோ சார்! மதர் ஹவுஸ். பேபி. ஷீ கோ மதர் ஹவுஸ்!" என்றேன்.

துரை என் பக்கம் திரும்பினார். தமிழிலேயே சொன்னார்: "நீ பார்க்க வந்தாய். பார். பேசாதே."

அன்றே பெட்டியைக் கட்டு என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காரணம்கூடக் கேட்கவில்லை. அவருக்கு இந்தக் குளிர் முதல் நாளே பிடிக்கவில்லை. காளியம்மாள் வந்து வாசலில் நின்றாள். அழவில்லை. "நீங்க போலாமுங்க. உங்க ஊடு பூட்டித்தான இருக்குது. நாங்க இருந்த ஒரு துண்டுக் காட்டையும் வித்துப்போட்டு வந்தமுங்க" என்றாள். பிறகு, "எம் புள்ளையப் பாத்துட்டுப் போங்க சாமி" என்றாள். நான் பெட்டியைப் பார்த்தேன். சூசை கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

கூலிகளை வரிசையாகக் குடிவைத்திருக்கும் லயத்து அறையில் பிரசவம் நடந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆள் கேட்டதற்கு, பறித்த கொழுந்தை நிறுத்து முடியட்டும் என்று சொல்லியனுப்பினான் கங்காணி. நானே வெளியிலிருந்து வயிற்றைப் பிடித்துப் பிடித்துத் திருப்பினேன். சூசை வெந்நீர் சுமந்தார். காளியம்மாளின் புருஷன் வாசல்படியில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். பெண் குழந்தை. அது வீறிட்டபோது நானும் அதோடு சேர்ந்து கத்தினேன், ஆத்திரத்தில்.

மூன்று மாதம் முடிந்ததும் துரை கூப்பிட்டார். "நாடு பிடித்ததா?" என்றார்.

"பிடிக்கவில்லை. இருக்கிறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, தன் தமிழில்தான் ஏதோ பிசகு என்று நினைத்துக் கிளார்க்கைப் பார்த்தார். நான் விடவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவளைத் தடுக்கக்கூடாது. காளியம்மாள் பிள்ளையோடு என்னுடன் ஊருக்கு வந்து திரும்ப வேண்டும். ஒத்துக்கொண்டால் இருக்கிறேன், இல்லையென்றால் வேறு மருத்துவச்சியைத் தேடிக்கொள்ளுங்கள் என்றேன். பக்கத்துத் தோட்டத்து மருத்துவச்சி செத்துப்போனதிலிருந்து அங்கே ஆள் கிடைக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். "சரி. நீ போ" என்றார்.

வீட்டை வாடகைக்கு விட ஊருக்கு வந்திருந்தேன். காளியம்மாளை எடப்பாடி வண்டியில் ஏற்றிவிட்டேன். அவளுடைய தாய் பேத்தியைப் பார்க்கட்டும். ஆகவே பெண்களே, பின்னால் பூட்டிய வீடு ஒன்று இருக்கிறவர்கள் தாராளமாக வந்து பாருங்கள். விற்றுவிட்டு வருகிறவர்களிடம் 'பார்த்துவிட்டு வா' என்று எவனாவது சொன்னால், அவன் வாயில் அடியுங்கள்.

நான் ஊரிலிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சேலத்துக் கோயிலில் மழை வேண்டிப் பூசை. பனமரத்துப்பட்டி ஏரி வெடித்துக் கிடந்தது. சனங்கள் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, மழையைத் தாரும்" என்று மன்றாடினார்கள். நானும் மனமுருகிச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மலைச்சரிவில் லயத்துக் கூரைகள் ஒழுகுவதும், மழை நாளில் பேர் போடாமல், கூலியில்லாமல் ஆட்களைத் திருப்பியனுப்புவதும் கண்ணில் வந்தன. அங்கே இந்நேரம் எல்லாரும் மழை நிற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருப்பார்கள். சுற்றிலும் சனங்கள் மழையைக் கேட்டுக்கொண்டிருக்க, என் உதடுகள் மட்டும், "ஆண்டவரே, போதும், நிறுத்தும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தன.