நான் பார்த்து வாங்கிய சார்ஜர்

பேட்டரி செத்துத்தான் இருந்தது. அதைக் கொன்றவன் நான். அது நன்றாக இருக்கிறது என்று போலீஸ் அதிகாரியின் கண்முன்னே செய்து காட்டியவனும் நான்தான். கோவிந்தன் சொன்னது அத்தனையும் உண்மை.

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்டுச் சொல்லவில்லை. அதைக் கொடுக்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது.

மலாயாவில் சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். டரூராட் காலம். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகாலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ஒரே வாசல். காலையில் வேலைக்காட்டுக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து அனுப்புவார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவனிடம் காட்டுக்காரர்கள் அரிசி கேட்பார்கள். கொடுத்தால் போலீஸ் பிடிக்கும். கொடுக்காவிட்டால்... அது எல்லாருக்கும் தெரியும்.

நான் வெளியே போகத் தேவையில்லாதவன். தோட்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும் எஞ்சின் வீட்டில் வேலை. வேலிக்கு உள்ளேயே இருந்தது அது. அந்த வேலை கிடைத்தது ஒரு பொய்யால். இங்கிலீஷ் வாசிப்பாயா என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கேட்டார். கொஞ்சம் வாசிப்பேன் என்றேன். எனக்குத் தமிழே இரண்டாம் வகுப்பு வரைதான்.

வாசல் காவல் கொட்டகையில் வயர்லெஸ் பெட்டி ஒன்று இருந்தது. ஏதாவது நடந்தால் அதில் பேசி போலீஸை அழைக்க வேண்டும். வேறு வழி கிடையாது. அந்தப் பெட்டிக்கு பேட்டரி நான் சார்ஜ் செய்து கொடுப்பேன். ஒன்று கொட்டகையில் இருக்கும்போது இன்னொன்று என்னிடம் ஏறிக்கொண்டிருக்கும். பெட்டிக்குக் காவல் கோவிந்தன். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். பெண்டாட்டி லெட்சுமி, இரண்டு பெண்பிள்ளைகள்.

பழைய சார்ஜர் ஒரு நாள் எரிந்துபோனது. கிராணி சீட்டு எழுதிக் கொடுத்து, "டவுனுக்குப் போய் நீயே பாத்து எடுத்துட்டு வா. ஒனக்குத்தானே தெரியும்," என்றார்.

சுங்கை பட்டாணியில் ஒரு பாய் கடை. சைக்கிள், ரேடியோ எல்லாம் விற்பார். மேசையில் இரண்டு சார்ஜர்களை எடுத்து வைத்தார். ஒன்று சிறியது. முகத்தில் கண்ணாடி, உள்ளே முள். ஏழெட்டுப் படி வைத்த திருகு. கூடவே ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம். இன்னொன்று பெரியது. கறுப்பு. ஒரே ஒரு சுவிட்ச். வேறு ஒன்றும் கிடையாது.

பாய் சிறியதை என் பக்கம் தள்ளினார்.

"இதை எடுங்க தம்பி. மெதுவாத்தான் ஏத்தும். மணிக்கொரு தடவ முள்ளப் பாக்கணும், புத்தகத்துல உள்ள மாதிரி திருகக் கொறைக்கணும். பேட்டரி வருசக்கணக்கா நிக்கும்."

"அந்தப் பெரிசு?"

"அது லாரிக்காரனுக்கு லா. மூணு மணி நேரத்துல பொங்க வச்சுரும். சின்ன பேட்டரிக்கு ஆகாது. தீயைக் கூட்டுனா சோறு சீக்கிரம் வேகும்னு பாத்தா அடிப்புடிச்சுரும்." புத்தகத்தைப் புரட்டி என்னிடம் நீட்டினார். "வாசிப்பீங்கல்ல?"

வாசிப்பேன் என்றேன். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக எண்கள். எண்களுக்கு நடுவே புள்ளிகள். தலைகீழாகப் பிடித்திருந்தேனோ என்னவோ, பாய் என் கையையே பார்த்தார். பிறகு கடை வாசலைப் பார்த்தார்.

அவரிடம் கேட்டிருக்கலாம். பாய், எனக்கு வாசிக்கத் தெரியாது, வாயால் சொல்லிக் கொடுங்கள் என்று. கடையில் வேறு யாரும் இல்லை. ஆனால் அது கிராணி காதுக்குப் போய்விடும் என்று பயம். போனால் மறுபடி பால் வெட்ட வேண்டும். வேலிக்கு வெளியே.

"பெரிசே இருக்கட்டும் பாய். வேலை சீக்கிரம் முடியும்."

"ஒங்க இஷ்டம். நான் சொல்றத சொல்லிட்டேன்," என்றார் அவர்.

தோட்டத்தில் நல்ல பேர். சார்ஜர் சக்தி வாய்ந்தது என்று கிராணி துரையிடம் சொன்னார். காலையில் மாட்டினால் பத்து மணிக்கு பேட்டரி தயார். கொதித்தது. மூடியைத் திறந்தால் புளித்த ஆவி மூக்கில் ஏறும். பக்கத்தில் கை வைக்க முடியாது. சூடு இருந்தால் சக்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா... இல்லை, நினைக்கப் பிடித்தது.

ஏறிவிட்டதா என்று பார்க்க எனக்கு ஒரே வழி தெரியும். தடித்த கம்பியை இரண்டு முனையிலும் ஒரு கணம் உரசுவேன். நீலமாகப் பொறி பறந்தால் நல்ல பேட்டரி. எல்லாத் தோட்டத்திலும் எஞ்சின்காரர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். பொறி எப்போதும் பறந்தது.

நாலைந்து மாதம் போயிருக்கும். பேட்டரி மாற்ற வந்த கோவிந்தன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, ஒங்க பேட்டரி புது மருமக மாதிரி. நாள் பூரா கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கும். வாயத் தொறந்து நாலு வார்த்த பேசச் சொன்னா மயக்கம் போட்டுருது."

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது சரி. அந்தப் பெட்டியில் கேட்பதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். பேசத்தான் நிறைய வேண்டும்.

"பேட்டரிய கொற சொல்லாத. ஒனக்குப் பொத்தான அமுக்கத் தெரியல."

"சரி லா. நான் கத்துக்கறேன்," என்றான். பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் மறுபடி சொன்னான், இந்த முறை சிரிக்காமல். "நெசமாத்தாண்ணே. கொரல் எறங்குது." நான் கம்பியை உரசிக் காட்டினேன். பொறி பறந்தது.

ஒரு நாள், பால் நிறுத்துப் போடும் நேரம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. காட்டுக்காரர்கள் பின்பக்க வேலியை வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஏழெட்டுப் பேர். புகைக்கூடத்துக் கதவை வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். உள்ளே ரப்பர் ஷீட் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் இருந்தார்கள்.

நான் எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தேன். உள்ளே இருந்தவர்கள் கத்தியது கேட்டது. பிறகு கேட்கவில்லை.

போலீஸ் லாரி எங்களிடமிருந்து கால் மணி நேரத் தூரத்தில்தான் நின்றது. அது வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. கிராணி சைக்கிளில் போய்ச் சொல்லி அழைத்து வந்தார். வயர்லெஸ்ஸில் யாரும் கூப்பிடவில்லை என்றது ஸ்டேஷன். கூப்பிட்டேன், பொத்தானை அமுக்கியதும் பெட்டி செத்துவிட்டது என்றான் கோவிந்தன். காலையிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்ததில், இருந்த கொஞ்சமும் தீர்ந்துபோயிருக்கும். அப்படித்தான் நடந்திருக்கும். எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை வெள்ளைக்கார அதிகாரி கொட்டகைக்கு வந்தார். ஒரு மலாய்க் கார்ப்பரல். மொழிபெயர்க்கக் கிராணி. கோவிந்தனின் கைகளை முன்னால் கட்டியிருந்தார்கள். காட்டுக்காரர்களுக்காக வேண்டுமென்றே கூப்பிடாமல் இருந்தான் என்று சந்தேகம். என்னையும் கூப்பிட்டார்கள்.

அதே பேட்டரி. யாரும் தொடவில்லை. இங்கேதான் நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே கெட்டுப்போன பேட்டரியை ஓர் இரவு சும்மா விட்டால் அது கொஞ்சம் தெம்பாகிவிடும். மீட்டர் வைத்தால் முள் சரியாக நிற்கும். வேலை வாங்கினால்தான் விழும். அந்தப் பெரிய சார்ஜரோடு பழகிய மாதங்களில் இதைப் பல தடவை பார்த்திருந்தேன்.

அதிகாரி மீட்டர் வைத்தார். முள் சரியாக நின்றது. பெட்டியைப் போட்டு இரண்டு சொல் பேசினார். ஸ்டேஷன் பதில் சொன்னது. அவர் கோவிந்தனைப் பார்த்த பார்வை...

"பேட்டரி எப்படின்னு கேக்கறாரு," என்றார் கிராணி என்னிடம்.

நான் கம்பியை எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நானே எடுத்து உரசினேன். நீலப் பொறி பறந்தது. கார்ப்பரல் ஓரடி பின்வாங்கினார்.

அப்போது கோவிந்தன் பேசினான். சத்தம் போடவில்லை. எப்போதும்போலத்தான் பேசினான்.

"அண்ணே, பத்து நிமிசம் பேசிப் பாக்கச் சொல்லுங்கண்ணே. ஒங்களுக்குத் தெரியும்ல. பத்து நிமிசம் போதும்."

என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டிருக்க வேண்டும். கிராணி அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். "பேசிப் பாக்கணுமா?"

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன்? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். வேலை போகும் என்று நினைத்தேனா? அது மட்டுமில்லை. இரண்டு பேர் வெந்து செத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கெடுத்தது யார் என்று கேட்பார்கள். தெரியாமல் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்? கயிறு என் கழுத்துக்கு வரும். இதையெல்லாம் வரிசையாக யோசித்தேன் என்று சொல்ல முடியாது. வாய் முந்திக்கொண்டது.

"வேண்டியதில்லீங்க. பேட்டரி நல்லாயிருக்கு."

கோவிந்தன் என்னைத் திட்டவில்லை. லாரியில் ஏறப் போனான். கை கட்டியிருந்ததால் ஏற முடியவில்லை. கார்ப்பரல் தூக்கிவிட்டார்.

அவன் ஒரு காலத்தில் யூனியன் கூட்டத்துக்குப் போனவன் என்று யாரோ கிளறி எடுத்தார்கள். அது போதுமாக இருந்தது. விசாரணை, வக்கீல் ஒன்றும் கிடையாது. தடுப்பு முகாமில் போட்டார்கள்.

அந்த வாரமே பேட்டரியை உடைத்துப் பார்த்தேன். உள்ளே தகடுகள் காய்ந்த சருகு மாதிரி வளைந்திருந்தன. அடியில் கறுப்புச் சேறு. எஞ்சின் வீட்டுக்குப் பின்னால் புதைத்தேன். பெரிய சார்ஜரைச் சுத்தியலால் அடித்து, எரிந்துவிட்டது என்று கிராணியிடம் சொன்னேன். மறுபடியும் பாய் கடைக்குப் போனேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது பாய்."

அவர் ஆச்சரியப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். முள் எங்கே நிற்க வேண்டும், எப்போது திருக வேண்டும் என்று அந்தச் சின்ன சார்ஜரின் கண்ணாடி மேல் சிவப்பு மையால் கோடு போட்டுக் காட்டினார். அரை நாள். அரை நாள்தான் ஆனது... அதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை.

இரண்டு மாதம் கழித்து லெட்சுமி எஞ்சின் வீட்டுக்கு வந்தாள். முகாமில் புருஷனைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவனை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. கைக்குழந்தையாக அங்கிருந்து வந்தவன் அவன். அங்கே அவனுக்கு யாரையும் தெரியாது. இவளும் பிள்ளைகளும் இங்கேயே பிறந்தவர்கள்.

"ஒரு மனு போட்டா கேப்பாங்களாம்ணே. பேட்டரி வேல தெரிஞ்சவரு நீங்கதான். அது சில சமயம் நின்னுபோகும்னு நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா போதும்னு அவரு சொன்னாரு."

நான் எஞ்சினைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அப்போது என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? எந்த உண்மையை மறைக்க இத்தனையும் செய்தேனோ, அதையே கேடயமாகப் பிடித்தேன்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதும்மா. எழுதப் படிக்க வராது."

"தெரியும்ணே," என்றாள் லெட்சுமி. "அவருக்கும் ஆரம்பத்துலேருந்து தெரியும். யார்கிட்டயும் சொல்லிராதன்னு என்கிட்ட சொல்லிருக்காரு. நீங்க எழுத வேணாம். கிராணிகிட்ட வாயால சொன்னா அவரு எழுதிருவாரு. நீங்க ரேகை வச்சா போதும்."

அவனுக்குத் தெரிந்திருந்தது. கொட்டகையில் கை கட்டி நின்றபோதும் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதிகாரி என் பக்கம் திரும்பியிருப்பார். அவன் பத்து நிமிடம்தான் கேட்டான்.

"பாக்கறேன்," என்றேன்.

அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். முகம் தெளிந்து போனாள்.

நான் கிராணியிடம் போகவில்லை. இன்று போகலாம் என்று எழுந்திருப்பேன். நாளைக்கு என்று படுப்பேன். இரண்டு தடவை ஆபீஸ் படி வரை போனேன். அவர் தலை நிமிர்ந்து என்னவென்று கேட்டார். எஞ்சின் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றேன். எண்ணெய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மாதங்கள் போயின. கோவிந்தனை பினாங்கில் கப்பலேற்றுகிறார்கள் என்று செய்தி வந்தது. குடும்பமும் கூடப் போகலாம் என்றார்கள். லெட்சுமி தகரப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டாள். லாரி வாசலில் நின்றது. ஏறுவதற்கு முன்னால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எஞ்சின் வீட்டுக்கு வந்தாள்.

"போயிட்டு வர்றோம்ணே. நீங்க மனசுல எதையும் வச்சுக்காதீங்க. நீங்க எழுதிக் குடுத்தும் அவங்க கேக்கல. நீங்க என்ன பண்ணுவீங்க. கும்பிட்டுக்கங்கடி மாமாவ."

இரண்டு பெண்களும் என்னைக் கும்பிட்டார்கள்.

நான் தலையாட்டினேன். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்றேன்.

பல வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது. அந்தக் கும்பிடை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.