முட்டிவலிக்காரியும் வெயிட்டிங் டிரைவரும்

போன வாரம் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் கதவு மூடப்போன நேரம். ஓடிப்போய்க் காலை நடுவில் நுழைத்துவிட்டேன். மாசக்கணக்காக 'முட்டி வலி, நடக்க முடியவில்லை' என்று நடித்துக்கொண்டிருப்பவள் இப்படி ஓடலாமா?

எதற்கு நடிப்பு என்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் முனிராஜுக்கு நுரையீரலில் கேன்சர். ஈஜிபுராவில் ஆட்டோ ஓட்டுகிறார். பீடி, சிகரெட் பக்கமே போகாத மனுஷன். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான்.

"நான் புடிக்கல சார்... முன்னாடி போற லாரி, பஸ்ஸெல்லாம் எனக்கும் சேத்துப் புடிச்சிருச்சு" என்பார். இவரை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஒரு அழுகை அழ முடியுமா?

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. மருந்து ஏறியதும் ஆள் வெயிலில் போட்ட கீரைதான். அப்புறம் மெல்ல எழுந்து உட்காருவார். மூன்றாவது வாரம் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவார். டாக்டரம்மா அதற்கு மட்டும் சம்மதித்திருக்கிறார் — உடம்பு தெம்பாக இருந்தால், பகலில், பக்கத்துச் சவாரி. ஆனால் மருந்து ஏறிய பிறகு அன்றைக்கு ஹேண்டிலைத் தொடவே கூடாது.

திரும்ப ஓட்டி வர ஆள் வேண்டுமே என்று, போகும்போதும் ஸ்டாண்டு சிநேகிதர் நயாஸே எங்கள் வண்டியை ஓட்டினார். இவர் பின் சீட்டில். அங்கேதான் சிக்கல்!

ஆட்டோக்காரர்கள் பின் சீட்டில் தூங்குவார்கள், சாப்பிடுவார்கள். ஆனால் வண்டி ஓடும்போது அங்கே உட்கார மாட்டார்கள். முன் சீட்டு ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்கினாலும் சரி, முன்னால்தான். பின்னால் உட்கார்ந்தால் அவன் டிரைவர் இல்லை... சவாரி.

இவர் சும்மா இருப்பாரா?

"கிளட்ச்ச புடி நயாஸ்... ஹம்ப் வருது... ஏய், ஏய், பஸ்காரன் உள்ள வரான் பாரு!"

"அரே முனியண்ணா, நான் ஓட்டறனா, நீ ஓட்டறியா?"

"வண்டி என்துடா!"

இப்படி ரெண்டு கீமோ போனது. மூன்றாவதுக்குக் கிளம்ப வேண்டிய காலையில், காக்கிச் சட்டையோடு பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரல."

"ஏன்யா?"

"போதும் சரோஜா. பொணத்த ஏத்திட்டுப் போற மாதிரி என்னப் பின்னாடி போட்டுட்டுப் போறீங்க. ஸ்டாண்டே பாக்குது."

பாதியில் நிறுத்தினால் நோய் மறுபடி தலை தூக்கிவிடும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். திட்டினேன். கும்பிட்டேன். மகள் போனில் அழுதாள். மனுஷன் அசையவில்லை.

இவர் யார் கூப்பிட்டால் எழுந்திருப்பார்? யோசித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தடவினேன்.

"யப்பா... உயிர் போவுதே. அதே ஆஸ்பத்திரில முட்டிக்கு டாக்டரு இருக்காராம். நீ படு. நான் ஒரு ஆட்டோ புடிச்சிப் போயிக்கறேன்."

நிமிர்ந்தார். "என் வண்டி நிக்கும்போது நீ வேற ஆட்டோல ஏறுவியா? ஸ்டாண்டுல எவன் மூஞ்சில நான் முழிக்கறது?"

"அப்ப என்ன எறக்கிட்டு வெயிட்டிங்ல இரு. எனக்கு லேட்டாவும். சும்மாதான இருப்ப... அந்த மருந்த ஏத்திக்க."

கிளம்பிவிட்டார்!

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். போகும்போது அவர் டிரைவர், நான் மகாராணி. "சீக்கிரம் போடும்மா, சவாரி வெயிட்டிங்" என்று நர்ஸிடம் கையை நீட்டுவார். முடிகிற நேரத்துக்கு நயாஸ் பஸ் பிடித்து வந்துவிடுவார். முட்டிவலிக்காரியைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே... அதற்காக இவர் பின்னால் உட்காருவார். முதல் சிக்னல் வருவதற்குள் தலை என் தோளில் சாய்ந்திருக்கும்.

போன வாரம் நான் கீழே கேன்டீனில் இருந்தேன். நர்ஸ் போன் செய்தாள். "அம்மா, அண்ணாக்கு மூச்சு வாங்குது, பேகா... சீக்கிரம் வாங்க!"

அப்போதுதான் அந்த ஓட்டம். மேலே போவதற்குள் மருந்தை நிறுத்தி, ஆக்ஸிஜன் வைத்து, மூச்சைச் சீராக்கியிருந்தார்கள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. முகமூடியை லேசாகத் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

"யாரு... முட்டிவலிக்காரியா?"

மாட்டிக்கொண்டேன். "எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாளே. வலி இருக்கறவங்க கம்பியப் புடிச்சி, கால இழுத்து ஏறுவாங்க. நீ குதிச்சி ஏறின. கண்ணாடில பாத்தேன்."

"அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா சவாரி போயிடுமே" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த தடவையும் நீதான வரணும்?"

மீதி மருந்தையும் மெதுவாக ஏற்றி, அன்றைக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஒரே ஒரு குறை... அன்று ஓடியதில் எனக்கு இப்போது நிஜமாகவே முட்டி வலிக்கிறது, வீட்டில் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்!