அண்ணனுக்கு ஏற்ற பேட்

எங்கள் விளையாட்டுப் பொருள் கடையில் நான் ஷூ பகுதியில் இருக்கிறேன். எனக்கு நேர் எதிரே ஷட்டில் பேட் பகுதி. அதைப் பார்த்துக்கொள்பவரை முதலாளி முதல் வாடிக்கையாளர் வரை எல்லோரும் பேட் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

பேட் கேட்டு வருபவருக்கு அக்கா எடுத்தவுடன் பேட்டைக் காட்டமாட்டார். உங்கள் கையைக் காட்டுங்கள் என்பார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார். எவ்வளவு நாளாக ஆடுகிறீர்கள், வலைக்கு அருகில் நிற்கப் பிடிக்குமா, பின்னால் நின்று ஓங்கி அடிக்கப் பிடிக்குமா, ஆடிய மறுநாள் எங்கே வலிக்கும் என்று டாக்டர் மாதிரி விசாரிப்பார். அதன் பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவார். விலை கூடியதை வாங்கியே தீருவேன் என்று வந்தவரைக்கூட, "இது உங்க கையைத் தின்னுடும், வேணாம்" என்று சொல்லிச் சாதாரணமானதோடு அனுப்பிவிடுவார். முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனால் போனவர்கள் தங்கள் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு அக்காவிடமே திரும்பி வந்ததால் வாயைத் திறக்கமாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் பேட் விற்றார். அந்த ஆள் அவருடைய உடன்பிறந்த அண்ணன்.

பள்ளியில் படிக்கும்போது அண்ணன் தங்கை இருவருமே ஆடியிருக்கிறார்கள். மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது தங்கையை எடுத்தார்கள், அண்ணனை எடுக்கவில்லை. சில நாள் கழித்து அப்பா அக்காவைக் கூப்பிட்டு, இனிமேல் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. அழுது பார்த்தார், பட்டினி கிடந்து பார்த்தார். அப்பா மசியவில்லை. கண்ணை மூடும்வரை காரணத்தையும் சொல்லவில்லை. அக்காவின் பேட் அண்ணன் கைக்குப் போனது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவளும் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அதுவும் வேடிக்கையாக. அண்ணன் வீட்டில் உறவுக்காரர்கள் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம், பழைய கதைகள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் அப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளர், தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஷட்டில் குழுவுக்குத் தலைவரும் கூட.

"இவ டீமுக்குப் போயிருந்தா வீட்டுல என்னை எவன் மதிச்சிருப்பான்? ஒரு பையனோட சுத்துறான்னு அப்பா காதுல சும்மா போட்டு வச்சேன். மனுஷன் அப்படியே நம்பிட்டாரு" என்றாராம்.

மேஜையே குலுங்கிச் சிரித்தது. அண்ணி மட்டும் பரிமாறிய கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"நானும் சிரிச்சேன்டி. பல்லு தெரியச் சிரிச்சேன்" என்று அக்கா என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் நிதானமாகவே இருந்தது.

கொஞ்ச நாளில் அண்ணன் கடைக்கு வந்தார். சுவரில் ஒரு சாம்பியன் பாய்ந்து அடிக்கிற படம் ஒட்டியிருக்கிறது. அவன் கையில் இருக்கும் பேட்தான் வேண்டும் என்றார். அது தலைப்பக்கம் கனமானது, தண்டு கம்பி மாதிரி விறைப்பானது. தோளில் வலுவும் வீச்சில் வேகமும் உள்ளவன் பிடித்தால் இடி மாதிரி விழும். இல்லாதவன் கையில் அது வெறும் உலக்கை. அக்கா அதை எத்தனையோ பேரிடமிருந்து பிடுங்கித் திரும்ப மாட்டியிருக்கிறார். அன்றைக்கு அவரே எடுத்து நீட்டினார்.

"உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குண்ணா."

அடியின் அதிர்வெல்லாம் கைக்கே ஏறும்படி, பேட்டின் நரம்பையும் தாங்கும் மட்டும் இறுக்கிப் பின்னிக் கொடுத்தார். அண்ணன் போனதும், இதென்ன அக்கா என்று கேட்டேன். "தலைக்கனம் பிடிச்சவனுக்குத் தலை கனமான பேட். தோள் கழண்டு தொங்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு ஏதாவது சாக்கு வைத்து அண்ணன் வீட்டுக்கு போன் போடுவார். அண்ணன் எப்படி இருக்கிறான், நன்றாகத் தூங்குகிறானா என்று அக்கறையாக விசாரிப்பார். எதிர்பார்த்த செய்தி வரவில்லை. ஒருநாள் அண்ணியே கடைக்கு வந்தார், முழங்கையில் கட்டோடு.

நடந்தது இதுதான். அந்தப் பேட்டை அண்ணனால் ஒழுங்காக நாலு நாள்கூட வீச முடியவில்லை. ஒப்புக்கொள்ள மனசில்லாமல், பெரிய தியாகம் போல மனைவிக்குக் கொடுத்துவிட்டார். அண்ணி அடித்தது வலையில் விழும்போதெல்லாம், சாம்பியன் பேட் இருந்தும் இவளுக்கு ஆட வரவில்லை என்று ஊர் பார்க்க நக்கல் வேறு.

அக்காவின் முகம் செத்துப்போனது. கட்டின் மேல் கையை வைத்தார்.

"அவனுக்கு வச்ச குறி அண்ணி. உங்க மேல விழுந்துடுச்சு" என்றார்.

அண்ணி விளக்கம் கேட்கவில்லை. எனக்கு ஒரு நல்ல பேட் கொடு, அது போதும் என்றார்.

கை ஆறியதும் அக்கா தேர்ந்து கொடுத்தார். தலை லேசானது, தண்டு வளைந்து கொடுப்பது, நரம்பு தளர்வாகப் பின்னியது. அண்ணிக்கு வலு கிடையாது, ஆனால் கை மின்னல். வலைக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள், ஓங்கி அடிக்க வேண்டாம், தட்டிவிட்டால் போதும் என்று சொல்லி அனுப்பினார். அண்ணி அதைத்தான் செய்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவே கூடியிருக்க, அண்ணனையும் அவர் ஜோடியையும் மண்ணைக் கவ்வ வைத்தார்.

மறுநாள் வியாபாரம் சூடாக நடக்கும் நேரத்தில் அண்ணன் அந்த சாம்பியன் பேட்டோடு வந்து நின்றார். கல்லாவில் கூட்டம் இருந்தது.

"தெரிஞ்சேதானே இதை என் தலையில கட்டின?"

"ஆமா."

மறுப்பார் என்று எண்ணி வந்திருப்பார் போல. அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காரு. கையைக் காட்டு. எவ்வளவு நாளா ஆடுற?"

பள்ளிக் காலத்திலிருந்தே விடாமல் என்றார். காலேஜில் நீ கேரம்தானே ஆடினாய் என்று அக்கா திருத்தினார். வாரம் முழுக்க ஆடுவேன் என்றார். அண்ணி வேறு மாதிரி சொன்னாரே என்றார் அக்கா. கல்லாவில் நின்றவர்கள் எங்கள் பக்கம் நகர்ந்து வந்துவிட்டார்கள்.

"ஸ்மாஷ் அடிச்சா எங்க விழுது?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "நெட்ல" என்றார் கடைசியில். யாரோ இருமினார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பி, கடை முழுக்கக் கேட்கும்படி, புதிதாகப் பழகுபவர்களுக்கான பேட்களை எடுத்து வரச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக வீச வைத்துப் பார்த்தார். கனம் நடுவில் நிற்கிற, இளகிய தண்டுள்ள ஒன்றை எடுத்து, பிடியின் தடிமனைத் திருத்தி, நரம்பை அளவாகப் பின்னிக் கொடுத்தார். அண்ணன் வீசிப் பார்த்ததுமே அது அவர் கைக்குப் பொருந்திவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் ஆட வருகிறேன் என்று அக்கா சொல்லி அனுப்பினார்.

எனக்கு ஆத்திரம். அந்த ஆளுக்குப் போய் இவ்வளவு பார்த்துப் பார்த்து எதற்குச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தப்பான பேட்டோட தோத்தா, பழியை அது மேல போட்டுட்டுப் போயிடுவான்டி. நான் ஜெயிக்கறப்ப அவன் கையில சரியான பேட் இருக்கணும்."

ஆட்டத்தைப் பார்க்க நானும் போனேன். அக்கா ஒருமுறைகூட ஓங்கி அடிக்கவில்லை. இறகுப்பந்தை வலைக்கு முன்னால் மெல்ல இறக்குவார். அண்ணன் விழுந்தடித்து ஓடி வந்து எடுத்தால், அவர் தலைக்கு மேலே பின்கோட்டுக்குத் தூக்கி விடுவார். திரும்பவும் முன்னால். சீக்கிரம் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. அண்ணனுக்குச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. நடுவில் வலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி, அதெல்லாம் விவரம் தெரியாத வயசில் செய்தது, விட்டுவிடு என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சர்வீஸ் என்னுது. தள்ளி நில்லு" என்றார் அக்கா.

திரும்பி வரும்போது, மனசு ஆறியதா என்று கேட்டேன். கொஞ்சம்தான், அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். அண்ணனும் வந்தார். வராவிட்டால் பயந்துவிட்டார் என்று பேசுவார்களே. அதுவே வழக்கமாகிவிட்டது. வாராவாரம் அக்கா அவரை நாயாக ஓடவிட்டுத் தோற்கடிப்பார். திங்கட்கிழமைகளில் கடையில் பாட்டு முணுமுணுப்பார்.

ஆனால் ஓடி ஓடி மனுஷன் ஆடக் கற்றுக்கொண்டுவிட்டார். போன வாரம் ஒரு செட்டை அக்காவிடமிருந்து பறித்துவிட்டார். அடுத்த நாள் அக்காவிடமிருந்து பாட்டு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைக்கூடத் திறக்காமல் தன் பேட்டின் நரம்பை அறுத்துப் போட்டுவிட்டு, புதிதாக, முன்னைவிட இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தார்.