அரங்கம் என்றால் திட்டு

இரண்டாயிரத்து ஆறில் எனக்குப் பதினொரு வயது. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் பரதநாட்டிய அரங்கேற்றம். அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது வீட்டில் எல்லோரும் என் பெயரைப் பார்த்தார்கள். நான் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய வாரம்தான் பேப்பரில் 'பட்டப்பகலில் கொள்ளை அரங்கேற்றம்' என்று படித்திருந்தேன்.

"அந்தத் திருடனுக்கும் அதான் மொதத் தடவையா மாமா?"

மாமா, அம்மாவின் தம்பி. கடலூரை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. துவைத்தாலும் போகாத புளித்த வாடை சட்டையில். சொற்களின் மீது தீராத பித்து. சிரித்து ஓய்ந்து, விளக்கினார். அந்தக் காலத்தில் புலவர்கள் எழுதிய நூலைச் சபையில் படிப்பார்களாம். குறை சொல்பவர்களுக்குப் பதில் சொன்னால்தான் அது அரங்கேறுமாம்.

"ஆத்து நடுவுல இருக்கிற திட்டுக்கும் அரங்கம்னுதான் பேரு பாப்பா. சுத்தித் தண்ணி. எங்க ஓடுவ?"

இதையெல்லாம் நிகழ்ச்சிக்கு முன்னால் மைக்கில் சொல்லும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு பக்கம் எழுதினார். கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

திரைக்குள் நான் சலங்கையோடு நிற்கிறேன். வெளியே மாமா, "அரங்கு என்பது..." என்றார். நின்றுவிட்டது. மறுபடியும், "அரங்கு என்பது..." மைக் கீச்சிட்டது.

முன்வரிசையிலிருந்து அப்பா: "மச்சான், பேப்பர தலகீழா புடிச்சிருக்கியான்னு பாரு."

மண்டபமே சிரித்தது. திரை இடுக்கில் அவர் முதுகு தெரிந்தது. புதுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

என் நாளை இந்த மனிதர் கெடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். வலது காலைத் தூக்கி ஒரே மிதி. சலங்கை அதிர்ந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டதென்று கூட்டம் கைதட்டியது. மாமா தாளை மடித்துக்கொண்டே, "மீதிய சலங்க சொல்லும்" என்று இறங்கிவிட்டார்.

அன்று நன்றாக ஆடினேன் என்றார்கள். எனக்கு நினைவில்லை. ஆனால் மாமா பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்: "எங்க பாப்பாதான் அன்னிக்கு என்னைக் காப்பாத்துச்சு." நான் மறுக்கவில்லை. கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

அழைப்பிதழில் ஒரு பெயர்தான் இருந்தது. அவரும் அன்றுதான் முதன்முதலாக மேடையேறினார் என்பது பதினொரு வயதுக்கு உறைக்கவில்லை. நான் காலால் திட்டினேன். திட்டில் நின்றவருக்கு அது துடுப்புச் சத்தமாகக் கேட்டிருக்கிறது.