திருப்பிப் போட்ட கேபிள்

அவரை எல்லோரும் சம்மட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேரல்ல, வேலை வைத்த பேர். தெருவோரமாகக் கேபிளை விரித்து, அதிர்வை உணரும் கருவிகளை வரிசையாக மண்ணில் குத்தி, இரும்புத் தட்டின் மேல் சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு போடுவார். அந்த அதிர்வு திரும்பி வருவதை வைத்து, மண்ணுக்கடியில் பிளவு எங்கே ஓடுகிறது என்று இன்ஜினியரம்மா படம் எடுப்பார். "யாரும் அசையாதீங்க!" என்று கத்திக் கத்தி வீட்டிலும் அதே பழக்கம். "சாப்பாடு போடலாமா, இல்ல அசையாம நிக்கணுமா?" என்பாள் மனைவி.

அன்றைக்கு ஒரு பழைய தெருவையே மறுபடி அளந்தார்கள். படத்தைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண்ணடுக்கு உடைந்து இறங்கியிருந்தது தண்ணீர்த் தொட்டிப் பக்கம். போன தடவை அது மைதானத்துப் பக்கமல்லவா இருந்தது?

"மேடம், இடம் வலமா மாறி வந்திருக்கு."

"தொட்டிகிட்ட ஒரு தடவை அடிங்க, பார்ப்போம்."

அடித்தார். வரிசையின் முதல் கருவி தொட்டியோரத்தில்தான் இருக்க வேண்டும்; அதுதான் முதலில் துள்ளியது. இன்றைக்குச் சரி. அப்படியானால் போன தடவை?

போன தடவை வண்டி மைதானத்தோரம் நின்றது. தொட்டி வரை சுமந்துகொண்டு நடக்கச் சோம்பல்பட்டு, அங்கிருந்தே கேபிளைத் தலைகீழாக விரித்துவிட்டார்; படமும் திரும்பிவிட்டது. அவரும் சொல்லவில்லை, அந்தம்மாவும் கேட்கவில்லை. அட பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

தொட்டிப் பக்கம்தான் தங்கச்சி வீடு கட்டியிருந்தாள். அவர் பேச்சைக் கேட்டுத்தான்.

அங்கே ஓடினார். தங்கச்சி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். "வாண்ணா, ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"பிளவு மைதானத்துப் பக்கம் இல்லம்மா. இந்த வீட்டுக்கு அடியில போகுது. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

அவள் முகம் வெளுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, வரிசையாக நின்ற பக்கத்து வீடுகளைப் பார்த்தாள்.

"எங்கண்ணன் அடிச்சுப் பார்த்த இடம், பயமே இல்லன்னு நான் சொல்லித்தானே இவங்க எல்லாரும் மனை வாங்கினாங்க."

அவரும் அந்த வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நீயே போய்ச் சொல்லுண்ணா. அவங்க மூஞ்சில என்னால முழிக்க முடியாது."

பக்கத்து வீட்டுக்கார அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே அவரைப் பார்த்துக் கையசைத்தாள்.