கட்டைவிரலும் சுக்கு குடோனும்

சுக்கு நெடி... கொச்சியில் மட்டாஞ்சேரி என்றால் என் மூக்குக்குத்தான் முதலில் ஞாபகம் வரும்.

காயலைப் பார்த்த ஒரு பழைய குடோனில்தான் எங்கள் ட்ரோனைப் பறக்கவிட்டுப் பார்ப்போம். சுக்கு மூட்டைகள் காலியாகியும் நெடி போகவில்லை. மோட்டாரைப் போட்டதும் தூசி கிளம்பும், எல்லோரும் தும்முவோம்.

வட்டமான கூட்டுக்குள் விசிறி சுழலும் ட்ரோன் அது. அடியில் நாலு சின்னத் தகடுகள். விசிறிக் காற்றை அப்படி இப்படித் திருப்பி அவைதான் அதை நேராக நிறுத்த வேண்டும். பக்கவாட்டுக் காற்று கூட்டின் விளிம்பில் மோதினால் போச்சு... மொத்தமாகச் சாய்ந்துவிடும்.

தகடுகளை ஆட்டும் ப்ரோகிராம் ஷீபா சேச்சி எழுதியது. அவரும் என்னைப் போல இங்கேயே பிறந்த தமிழ்க் குடும்பத்து ஆள். என் வேலை ரிமோட்டோடு நிற்பது. சாய ஆரம்பித்ததும் கட்டைவிரலால் சுவிட்சைத் தட்டி மோட்டாரை அணைத்துவிடுவேன். பரப்பிவைத்த சாக்குகளில் தொப்பென்று விழும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு ட்ரோன் ஏற்கெனவே உடைந்திருந்தது. இதுவும் உடைந்தால் இந்த வேலையையே மூடிவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு மதியம் சாயா குடிக்கும்போது சேச்சி கேட்டார்.

"எடா, நீ ஒவ்வொரு தடவையும் அணைச்சுட்டா, என் ப்ரோகிராம் அதை நிமிர்த்துமா இல்லையான்னு நான் எப்படிடா அறியறது?"

உண்மைதானே... காப்பாற்றுகிறேன் என்று நான் பரீட்சை முடியும் முன்பே பேப்பரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அன்றே காயல் பக்கக் கதவை முழுக்கத் திறந்தோம். ட்ரோன் எழும்பியது. காற்று பட்டதும் சாய்ந்தது. சாக்குகளைத் தாண்டி, சுவரைப் பார்த்துப் போனது.

"சேச்சி, இடிக்கப் போகுது!"

"தொடாதே."

"சேச்சி..."

"தொடாதேடா!"

விரல் சுவிட்சின் மேலேயே வியர்த்துக் கிடந்தது. பயந்துதான் போனேன். தகடுகள் படபடவென்று திரும்பின... சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது ட்ரோன் நிமிர்ந்தது. காற்றை எதிர்த்து அப்படியே நின்றது.

சேச்சி கத்தவில்லை, குதிக்கவில்லை. ஆறிப்போன சாயாவை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

இப்போது ஊரின் அந்தக் கோடியில், காக்கநாட்டில், ஏசி அறையில் வேலை. எந்த ட்ரோனையும் முதலில் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில்தான் பறக்கவிடுவோம். திரையில் ட்ரோன் சுவரில் மோதும், ரீசெட் அடித்தால் மறுபடி எழும்பும். நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன். தும்மலும் இல்லை. சேச்சி பெங்களூருக்குப் போய்விட்டார்.

ஆனாலும் திரையில் அது சாயும்போதெல்லாம் என் கட்டைவிரல் தானாக மேஜை விளிம்பை அழுத்துகிறது. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கிறேன்...

"தொடாதேடா" என்று அதட்ட அங்கே ஆள் இல்லை.