அக்காவின் பச்சைத் திரையும் காளியின் எட்டுக் கைகளும்

சீவலப்பேரியிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவருக்கு அளவு பார்க்கக் காளியின் கைகளை முதுகில் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் பின்னால் நின்று பெல்ட்டை இழுத்துப் பிடித்திருந்தேன். அத்தான் முன்னால் நின்று தன் வழக்கமான பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நல்லா கேட்டுக்கிடுங்க. இந்த வேஷத்துல குனிய முடியாது. பஸ்ல சாஞ்சு உக்கார முடியாது. திரும்பணும்னா தலைய மட்டும் திருப்பப்படாது, உடம்போட திரும்பணும். சூலாயுதம் பிடிக்கது உங்க சொந்தக் கை. மத்த கையெல்லாம் சும்மா நிக்கும். அதுல மஞ்சப்பையத் தொங்க விட்டுராதீக."

"டீ குடிக்கலாமா?"

"வீரப்பல்லக் கழட்டிட்டுக் குடிங்க."

எது முடியும், எது முடியாது, எந்த வேலையை எந்தக் கையால் செய்ய வேண்டும். இதைத்தானே நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன்! உற்சாகத்தில் பெல்ட்டை விட்டுவிட்டேன். எட்டுக் கைகளும் ஒரு பக்கமாகச் சரிந்து, டிரைவர் காற்றில் சாய்ந்த வாழைமரம் மாதிரி நின்றார்.

"ஏலே, காளிக்குக் கை நழுவுதுலே!" என்று அத்தான் கத்தினார். நான் அதற்குள் கல்லாப் பக்கம் ஓடிவிட்டேன்.

அக்காவைச் சாத்தான்குளத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அத்தானுக்கு அங்கே வேஷ சாமான் கடை. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டு மாலை போடுகிறவர்கள் காளி, அனுமார், போலீஸ், குறத்தி என்று ஆளுக்கொரு வேஷம் கட்டுவார்கள். கிரீடம், சடைமுடி, வால், வீரப்பல் எல்லாம் எங்கள் கடையில் விலைக்கும் உண்டு, வாடகைக்கும் உண்டு. எந்தக் கிரீடம் எந்த ஊர்த் தலையில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் அக்கா ஒருத்திதான். கல்லாவில் அவள் முன்னால் ஒரு பச்சைத் திரை, செங்கல் கனத்தில் ஒரு விசைப்பலகை. மேல் வரிசை விசைகளில் 'கை', 'வால்', 'சடை' என்று பொட்டுப் பொட்டாக ஸ்டிக்கர். அவள் அந்தப் பலகையைப் பார்த்து அடித்து நான் பார்த்ததில்லை.

பச்சைத் திரைக்குச் சொந்தமாக மூளை கிடையாது. அதற்கு டெர்மினல் என்று பெயர். மேஜைக்கு அடியில் இருந்த பெரிய பெட்டி அனுப்புவதைக் காட்டும், அக்கா அடிப்பதைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். போன மழையில் அந்தப் பெரிய பெட்டி செத்துப்போனது.

நான் அப்போதுதான் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். வேலை கிடைத்துவிட்டது, எப்போது வரச் சொல்வார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. திருநெல்வேலியில் வீட்டில் உட்கார்ந்து அம்மாவின் பார்வையை வாங்கிக்கொண்டிருப்பதைவிட, சாத்தான்குளம் பஸ் ஏறுவது மேலாகப் பட்டது. பழைய பில் புரோகிராமை சோப்பு டப்பா அளவுள்ள ஒரு கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். அது ஓடியது. திரையில் மட்டும் அடைப்புக்குறியும் கேள்விக்குறியுமாகக் குப்பை கொட்டியது.

"நீ படிச்ச படிப்பு இதுதானாலே?" என்றாள் அக்கா.

பக்கத்தில் அத்தானின் சித்தப்பா மகன் நின்றுகொண்டிருந்தான். கையில் பெரிய போன். அதில் கடைக்கென்றே ஒரு ஆப் வைத்திருந்தான். "அண்ணே, இந்த இரும்ப ஆக்கர் கடையில எடைக்குப் போட்டுட்டு நான் கல்லாவுல உக்காருதேன். மைனி மேல வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றான்.

அத்தான் மோவாயைச் சொறிந்தார். அவர் கெட்டவர் இல்லை. வியாபாரத்தில் நிற்கிறவர். "மாப்ளே, காப்புக் கட்டுக்கு முன்னால இது ஓடணும். கொடி ஏறிட்டுன்னா கூட்டம் தாங்காது. ஓடலன்னா தம்பி உக்காரட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அத்தான் உள்ளே போன பிறகு அக்கா என்னிடம் குனிந்து சொன்னாள்: "அவன் உக்காந்தான்னா எந்திரிக்க மாட்டான்லே. நான் மேல போனா அப்புறம் மாவு அரைக்கவும் துணி மடிக்கவும்தான். பாத்துக்கோ."

பார்த்துக்கொள்வதற்கு நான் முதலில் செய்தது ஒரு பொய். கம்ப்யூட்டர் எப்போதும் 'எதிரே இருக்கும் திரை எந்த வகை?' என்று கேட்கும். உலகமே அறிந்த ஒரு டெர்மினலின் பெயரைச் சொல்லிவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று இணையத்தில் போட்டிருந்தது. எங்கள் திரையோ அந்தக் குடும்பமே இல்லை. போலீஸ் வேஷம் கட்டினவரிடம் போய் நிஜக் கேஸ் கொடுத்த மாதிரி ஆனது. கம்ப்யூட்டர் 'திரையைத் துடை' என்றால் இது அந்தக் கட்டளையையே எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டியது.

காளியின் கை நழுவிய அன்று புரிந்தது இதுதான்: ஊரார் பெயரைச் சொல்லிப் பயனில்லை. இந்தத் திரையைப் பற்றி நானே ஒரு விவரக் குறிப்பு எழுத வேண்டும். அதை வெறும் எழுத்தாக எழுதி, 'டிக்' என்ற கட்டளையிடம் கொடுத்தால், அது பிழை பார்த்து, கம்ப்யூட்டர் சட்டென்று படிக்கும்படி சுருட்டி உள்ளே வைத்துக்கொள்ளும். குறிப்பின் முதல் வரியில் பெயர் வேண்டும்.

"அக்கா, இதுக்கு என்ன பேரு வைக்க?"

"நான் உக்காந்திருக்க இடம். அக்கான்னு வை."

வைத்தேன். இவ்வளவு நெடுக்கம், இவ்வளவு அகலம், துடைக்க இந்தக் குறி, நகர இந்தக் குறி. தயாரித்த கம்பெனியே இப்போது இல்லாததால் விளக்கப் புத்தகம் எங்கும் கிடைக்கவில்லை. குறிகளை ஒவ்வொன்றாக அனுப்பித் திரை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு குறிக்குத் திரை முழுக்க மின்னியது. இன்னொன்றுக்கு நிறுத்தாமல் கூவியது. எதிர்க்கடை புரோட்டா மாஸ்டர் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "என்னவே, உள்ள ஆம்புலன்ஸ் நிக்கா?" என்று கேட்டார்.

டிக்குக்குக் கமா மேல் அப்படி ஒரு பிடிவாதம். ஒரு கமா விட்டுப்போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு இடத்தில் தப்பு என்று திட்டும். திட்டு வாங்கி வாங்கி, ஒரு மத்தியானம் அது ஒன்றுமே சொல்லாமல் வேலையை முடித்தது. அதன் பாஷையில் மௌனம்தான் பாராட்டு. எங்கள் அப்பாவும் அப்படித்தான், ஆகையால் எனக்குப் பழக்கம்.

பச்சைத் திரையில் பில் பக்கம் ஒழுங்காக வந்து நின்றது. அக்கா கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பில் அனுமாருக்கு. இரண்டாவது காளிக்கு.

"ஏன்த்தா, காளிக்கு எதுக்கு வாலு?" என்றார் வாங்க வந்தவர், திரையை எட்டிப் பார்த்து.

திரையைத் துடைக்க நான் கண்டுபிடித்திருந்த குறி, பாதிக்குக் கீழேதான் துடைத்தது. மேல்பாதியில் முந்தின அனுமார் வாலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "பில்லுல இருக்குல்லா, வாலையும் தாங்க, பேரனுக்கு ஆகும்" என்று அவர் விடாப்பிடியாக நின்று வாங்கிக்கொண்டுதான் போனார். நான் குறியை மாற்றி மறுபடி டிக்கிடம் கொடுத்தேன்.

கடைசியாக விசைகள். அக்காவை ஒவ்வொன்றாக அழுத்தச் சொன்னேன். ஒவ்வொரு விசைக்கும் வந்து விழுந்த குறியை அப்படியே குறிப்பில் ஏற்றினேன். 'கை' விசைக்கு இது, 'வால்' விசைக்கு இது. கண்ணால் பார்த்து எழுதியது, இதில் தப்பு எங்கிருந்து வரும்? டிக் மௌனமாகப் பாராட்டியது. எல்லா விசையும் சொன்னபடி கேட்டது. அத்தான் திரையின் மூலையில் தெரிந்த பெயரைப் படித்துவிட்டு, "அக்கான்னு போட்டிருக்கு? அப்போ நான் யாரு?" என்றார். "நீங்க ஓனரு அத்தான், உங்க பேரு போர்டுல இருக்குல்லா" என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. சித்தப்பா மகன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

காப்புக் கட்டுக்கு முந்தின நாள் காலை, கடை திறக்குமுன்பே வாசலில் கூட்டம். குலசைக்குப் போகிற வேன்கள் தெரு நீளத்துக்கு நின்றன. அக்கா உட்கார்ந்து 'கை' விசையை அழுத்தினாள். திரை, 'வெளியேறவா?' என்று கேட்டது. 'வால்' விசைக்குப் பழைய பாக்கி எல்லாம் வந்து நின்றது. பெயரை அடித்தால், அப்படி ஒரு ஆளே கிடையாது என்றது.

"ஏலே!" என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது.

நான் குறிப்பைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். கமா எல்லாம் இருந்தது. மறுபடி டிக்கிடம் கொடுத்தேன். மௌனம். மறுபடி கொடுத்தேன். மௌனம். பாராட்டு வாங்க அது நேரமில்லை. கூட்டத்தில் யாரோ, "கல்லா அம்மன் சீக்கிரம் விட்டா நாங்க மத்தியானத்துக்குள்ள போயிருவோம்" என்று நக்கலடித்தார்கள். சித்தப்பா மகன் பைய முன்னால் வந்தான். போன் மறுபடி வெளியே வந்திருந்தது. "மைனி, நான் வேணா உக்காரட்டுமா?"

அக்கா நகரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏலே, எழுத்தெல்லாம் ஏன் சின்னதா வருது? எனக்கு எப்பவும் பெரிய எழுத்துல்லா வரும்?"

அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. திரையின் நெற்றியில் புதுச் சந்தனம், குங்குமம்.

"அத்தான், இத என்ன செஞ்சீக?"

அத்தான் முகம் மலர்ந்தது. "நல்லா ஓடுதுல்லா மாப்ளே, நம்மளும் எதாவது செய்யணும்னு காலையில கிரீடம் துலக்குத பிரஷ்ஷ வச்சு தேய்ச்சேன். போன வருசம் ஆயுத பூசைக்கு வச்ச சந்தனம் அந்தப் பெரிய பட்டன்ல இறுகிப்போயி கெடந்துச்சு வே. தீக்குச்சி வச்சு நோண்டி எடுத்தேன் பாத்துக்கோ."

பெரிய பட்டன் என்பது ஷிஃப்ட். ஒரு வருடமாக அது சந்தனத்தில் ஒட்டி, அழுந்தியே இருந்திருக்கிறது. அதனால்தான் பெரிய எழுத்து; பெரிய எழுத்தில் ஏறிய பெயரைச் சின்ன எழுத்தில் தேடியதால்தான் ஆளே கிடையாது என்றது. எண்களுக்கு அக்கா பக்கத்துச் சின்னப் பலகையைத்தான் பயன்படுத்துவாள், ஆகையால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஷிஃப்டோடு அழுத்தினால் மேல் வரிசை விசைகள் வேறு குறிகளை அனுப்பும்; பழைய பெட்டி அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவில்லை போலிருக்கிறது. அந்த வேறு குறிகளைத்தான் இதன் பிறவிக் குணம் என்று நான் பயபக்தியோடு எழுதி வைத்திருந்தேன். நான் விவரித்தது டெர்மினலை இல்லை. அதன் மேல் பூசியிருந்த சந்தனத்தை.

"எல்லா விசையையும் திரும்ப எழுதணும்க்கா" என்றேன். "கொஞ்ச நேரம் ஆகும்."

அக்கா கூட்டத்தைப் பார்த்தாள், சித்தப்பா மகனைப் பார்த்தாள், ஷிஃப்டைப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு வீரப்பல்லை எடுத்தாள். காளியின் அந்தக் கோரைப்பல்லை ஷிஃப்டின் இடுக்கில் வைத்து, விரலால் ஒரு குத்து. விசை உள்ளே இறங்கி நின்றது. 'கை' விசையை அழுத்தினாள். கைப் பக்கம் வந்தது.

"அடுத்தது யாரு? வாங்க" என்றாள். சித்தப்பா மகனிடம், "நீங்க அங்கன நின்னு சடைமுடிய எண்ணிக் குடுங்க, எனக்குக் கை ஓடல" என்றாள். பெரிய போனைப் பையில் போட்டுவிட்டு அவன் எண்ணப் போனான். எனக்கு அவன் மேல் ஒரு பரிதாபம்கூட வந்தது. ஆனால் அதற்கும் நேரமில்லை. பெல்ட் பிடிக்க ஆள் கேட்டு அத்தான் கத்திக்கொண்டிருந்தார்.

தசரா முடிகிறவரை அந்தப் பல் அங்கேயேதான் இருந்தது. யாரையும் தொட விடவில்லை அக்கா. ஆயுத பூஜைக்கு அத்தான் சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது, "திரைக்கு மட்டும் வைங்க. கீழ கை வச்சீக, அப்புறம் இருக்கு" என்றாள். அவர் பலகைக்கு வைக்க வேண்டியதையும் சேர்த்து என் நெற்றியில் வைத்துவிட்டுப் போனார்.

சூரசம்ஹாரம் முடிந்து குலசைக் கடலில் குளித்து எல்லோரும் வேஷம் கலைத்துவிட்டார்கள். வாடகைக்குப் போன கைகளும் வால்களும் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. எனக்கு இன்னும் கம்பெனியிலிருந்து அழைப்பு வரவில்லை. நாளைக்குக் கடை விடுமுறை. பல்லைப் பிடுங்கிவிட்டு, ஷிஃப்ட் சும்மா இருக்கும்போது ஒவ்வொரு விசையும் என்ன சொல்கிறது என்று முதலிலிருந்து கேட்டு எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் எல்லா விசைக்கும் அடியில் தீக்குச்சி விட்டு ஒரு தடவை பார்த்துவிடுவதாக இருக்கிறேன்.